அருவித் தண்ணீரும் அரை மில்லிமீட்டர் தகடும்

குற்றாலத்துக்கு ஒரு தடவையாவது வந்து குளித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சித்தாற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றால் முதலில் சிலிர்க்கும். ரெண்டு நிமிஷத்தில் உடம்பு பழகிவிடும். அதே தண்ணீர் பேரருவியாக முதுகில் விழும்போது பழகுவதே இல்லை. பத்து நிமிஷம் நின்றாலும் பல் தந்தியடிக்கும். ரெண்டு இடத்திலும் தண்ணீரின் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

நிற்கிற தண்ணீரில், தோலை ஒட்டியிருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம் உடம்புச் சூட்டை வாங்கி வெதுவெதுப்பாகிவிடுகிறது. அது நகராமல் நிற்பதால் போர்வை மாதிரி வேலை செய்கிறது. அருவியில் அந்தப் போர்வை நிலைக்க வழியில்லை. புதுத் தண்ணீர் வந்து வந்து அதைப் பிய்த்து எறிந்துகொண்டே இருக்கிறது. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் பவுண்டரி லேயர் என்று நாம் படித்ததும், கோதண்டராமன் டேட்டா புக்கைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு ஃபார்முலாவாகத் தேடியதும் இந்தப் போர்வையின் கனத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர். தமிழில் தகட்டு வெப்பப் பரிமாற்றி. அதை இன்னும் திறமையாக வடிவமைப்பது எப்படி என்பது தலைப்பு. ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டியதில் கிடைத்த ஒரு விஷயத்தை, அடுத்து ப்ராஜெக்ட் எடுக்கப்போகிற உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஒரு தகடு நல்ல தகடா என்பதை, அது புதிதாக இருக்கும்போது கம்ப்யூட்டர் காட்டுகிற எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. எட்டு மணி நேரம் பால் ஓடிய பிறகு அது எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பால் என்று ஏன் சொல்கிறேன்?

இந்தக் கருவி பிறந்ததே பாலுக்காகத்தான். லண்டனில் 1910இல் அலுமினியம் பிளான்ட் அண்ட் வெசல் கம்பெனியைத் தொடங்கியவர் ரிச்சர்ட் செலிக்மன். பின்னாளில் ஏ.பி.வி. என்று உலகம் முழுக்கப் பெயரெடுத்த கம்பெனி அது. 1923இல் அவர் பால் பதப்படுத்துவதற்கான தகட்டு வெப்பப் பரிமாற்றியைக் கொண்டுவந்தார். தகடுகளை வரிசையாக அடுக்கி, நடுவில் ஒரு சந்து விட்டு ஒரு சந்தில் சூடான திரவம், அடுத்த சந்தில் குளிர்ந்த திரவம் என்று ஓட விடுவது. குழாய் என்றால் உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது கஷ்டம். தகடு என்றால் போல்ட்டைக் கழற்றி, ஒவ்வொன்றாக விலக்கி, பார்த்துக் கழுவலாம். பால் மாதிரி சீக்கிரம் கெடுகிற பொருளுக்கு இது பெரிய வசதி.

இன்றைய தகடுகள் துருப்பிடிக்காத எஃகில் அழுத்தி எடுக்கப்பட்டவை. கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள். ரெண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கும் சந்து சில மில்லிமீட்டர். ஓரத்தைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட். நான்கு மூலையிலும் நான்கு ஓட்டை. முன்னும் பின்னும் கனமான எஃகுச் சட்டம். அதை நீளமான போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கும். அவ்வளவுதான் கருவி. உள்ளே ஓடுகிற, நகருகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

எங்கள் வீட்டில் ரெண்டு மாடு. காலையும் சாயங்காலமும் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்கள். கறந்த பால் மாட்டின் உடம்புச் சூட்டில் இருக்கும். அந்தச் சூடு பாக்டீரியாவுக்குக் கல்யாண வீட்டுப் பந்தி. சாதகமான சூழலில் சில வகைகள் அரை மணிக்கு ஒரு தடவைக்கும் மேலாக இரட்டிப்பாகும். எவ்வளவு சீக்கிரம் 4 டிகிரிக்கு இறக்குகிறோமோ அவ்வளவு நல்லது. எங்காவது தாமதமானால் பால் புளித்துவிடும். "பால் திரும்பி வந்துட்டு" என்று அம்மா சொல்கிற நாளில் வீட்டில் யாரும் அதிகம் பேச மாட்டோம். மாடு தின்ற தீவனத்துக்கும் புண்ணாக்குக்கும் அன்றைக்குக் கணக்கு நேராகாது. அதனால் எனக்கு இந்தத் தகடு பாடப் புத்தகத்துப் படம் மட்டும் கிடையாது.

சூட்டைத் திருப்பி வாங்குவது

பால் பண்ணையில் பாஸ்சரைசர் செய்கிற வேலையைப் பாருங்கள். 4 டிகிரியில் வருகிற பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, 15 விநாடி அந்தச் சூட்டிலேயே வைத்து, மறுபடி 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். 1000 லிட்டர் பாலுக்கு இந்த 68 டிகிரி ஏற்றத்துக்கு ஏறத்தாழ 275 மெகாஜூல் வெப்பம் வேண்டும். கரண்ட் பில் பாஷையில் சொன்னால் 76 யூனிட் வெப்பம். ஏற்றின வெப்பம் முழுவதையும் அப்புறம் ஃபிரிட்ஜ் வைத்து வெளியே தள்ள வேண்டும். ஒரு கையால் காசைக் கொடுத்துச் சூடாக்கி, இன்னொரு கையால் காசைக் கொடுத்துக் குளிரவைக்கிற கதை.

அதனால்தான் சூடான பாலையும் குளிர்ந்த பாலையும் தகட்டின் இரு பக்கத்திலும் எதிரெதிராக ஓட விடுகிறார்கள். சூடான பால் தன் வெப்பத்தை உள்ளே வருகிற பாலுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். 90 சதவீதம் ரீஜெனரேஷன் என்றால் உள்ளே வருகிற பால் வெந்நீர் உதவி இல்லாமலே 65 டிகிரி வரை ஏறிவிடும். மிச்சம் 7 டிகிரிக்குத்தான் பாய்லர் வேண்டும். 76 யூனிட் 7.6 யூனிட்டாகச் சுருங்கிவிடுகிறது.

அப்படியென்றால் 95 சதவீதம் ஆக்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் முதல் கணக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு திரவம் எதிரெதிராக ஓடும்போது, திறனை அதன் மிச்சத்தால் வகுத்தால் என்.டி.யு. வரும். 80 சதவீதத்துக்கு 80-ஐ 20-ஆல் வகுக்க 4. 90 சதவீதத்துக்கு 90-ஐ 10-ஆல் வகுக்க 9. 95 சதவீதத்துக்கு 95-ஐ 5-ஆல் வகுக்க 19. யு மதிப்பு மாறாமல் இருந்தால் தகட்டின் பரப்பும் இதே விகிதத்தில் ஏறும். ஆக, கடைசி 5 சதவீதத்துக்காக ரெண்டு மடங்குக்கும் மேல் தகடு வாங்க வேண்டும். 1000 லிட்டருக்கு மிச்சமாவது சூடாக்குவதில் 3.8 யூனிட், குளிர்விப்பதில் 3.8 யூனிட். நாளுக்கு 50,000 லிட்டர் ஓட்டுகிற இடத்துக்கு அது ஒவ்வொரு பக்கமும் 190 யூனிட் வெப்பம். அங்கே கூடுதல் தகடு தன் விலையைச் சம்பாதித்துவிடலாம். நாளுக்கு 2000 லிட்டர் ஓட்டுகிற சின்ன இடத்தில் அந்தக் காசை வேறு எதிலாவது போடுவது புத்திசாலித்தனம்.

அல்லது தகட்டின் எண்ணிக்கையைக் கூட்டாமல் யு மதிப்பைக் கூட்ட வேண்டும். எங்கள் ப்ராஜெக்ட் புகுந்த இடம் அதுதான்.

மடிப்பின் விலை

தகடு தட்டையாக இருக்காது. மீன் முள் மாதிரி, நடுவிலிருந்து இரு பக்கமும் சாய்ந்து போகிற வரிவரியான மடிப்புகள் இருக்கும். ஒரு தகட்டில் முள் மேல் நோக்கியும் அடுத்ததில் கீழ் நோக்கியும் இருக்குமாறு மாற்றி மாற்றி அடுக்குவார்கள். மடிப்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடங்களில் எல்லாம் தகடுகள் தொட்டுக்கொண்டு நிற்கும். அதனால்தான் அரை மில்லிமீட்டர் தகடு அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறது. அந்தச் சந்துக்குள் திரவம் நேராகப் போக முடியாமல் முட்டி மோதிப் போகும். வட்டக் குழாயில் ரெனால்ட்ஸ் எண் 2300 தாண்டினால்தான் கொந்தளிப்பு தொடங்கும். மடிப்புத் தகட்டில் சில நூறுகளிலேயே ஓட்டம் கலைந்துவிடுகிறது. அருவியில் உங்கள் முதுகுக்கு நடப்பது இங்கே தகட்டுக்கு நடக்கிறது.

ஓட்டத்தின் திசைக்கு 30 டிகிரி சாய்வில் மடிப்பு இருந்தால் திரவம் சாதுவாக நழுவிப் போகும். 60 டிகிரி என்றால் பயங்கரமாக மோதும், வெப்பமும் அதிகம் கடத்தும். ஆனால் உராய்வு அதைவிட வேகமாக ஏறும். வேகத்தைக் கூட்டினாலும் இதே நிலைதான். மோட்டாக ஒரு கணக்கு: திரவத்தின் வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கினால் வெப்பக் கடத்தல் எண் 1.6 மடங்கு ஆகும். பம்ப்புக்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ 7 மடங்கு ஆகும். ஆகவே சாய்வைக் கூட்டி, வேகத்தைக் கூட்டி யு மதிப்பை ஏற்றிவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. பாய்லரில் மிச்சம் பிடித்ததை பம்ப் தின்றுவிடும்.

பம்ப் கொடுத்த அந்தச் சக்தி எங்கே போகிறது? உராய்ந்து வெப்பமாகிறது. ஆனால் அந்த வெப்பம் அற்ப சொற்பம். 1847இல் ஆல்ப்ஸ் மலையில் தேனிலவுக்குப் போன ஜேம்ஸ் ஜூல், அருவியின் மேலேயும் கீழேயும் வெப்பநிலை வித்தியாசத்தை அளக்க தெர்மாமீட்டரோடு அலைந்தார் என்று கெல்வின் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நம் பேரருவிக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அந்த உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரின் சக்தி முழுவதும் வெப்பமானாலும் ஏறுவது 0.14 டிகிரிதான். காது அடைக்கிற அத்தனை இரைச்சலுக்கும் அவ்வளவுதான் சூடு.

ஆனால் அந்தச் சக்தியை எந்த இடத்தில் செலவழிக்கிறோம் என்பது முக்கியம். பேரருவித் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்கிற ஆழமான குழியில் விழுந்து, அங்கே வேகத்தை இழந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அந்தக் குழி இல்லாவிட்டால் அடியில் நின்று யாரும் குளிக்க முடியாது. அங்கே மலை நமக்காக அழுத்தத்தை வழியிலேயே கழித்துவிடுகிறது. தகட்டில் நமக்குத் தேவை இதற்கு நேர்மாறு. நுழைகிற ஓட்டையிலும் திரும்புகிற மூலையிலும் அழுத்தம் வீணாகாமல், எல்லாம் தகட்டுப் பரப்பிலேயே செலவாக வேண்டும். பரப்பில் உராய்கிற திரவம் வெப்பத்தையும் வாங்கும், ஒட்டியிருப்பதையும் தேய்த்துக்கொண்டு போகும். ஓட்டையில் இழக்கிற அழுத்தத்தால் இந்த ரெண்டில் ஒன்றுகூட நடக்காது.

ஐந்தருவி மாதிரி பிரிந்தால்

ஐந்தருவியில் தண்ணீர் ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. சீசன் உச்சத்தில் ஐந்தும் ஆர்ப்பரிக்கும். சாரல் குறைந்து தண்ணீர் வடியும்போது பாருங்கள், ஒன்றில் நன்றாக விழும், இன்னொன்றில் நூல் மாதிரி ஒழுகும். கூட்டம் எங்கே முண்டியடிக்கிறது என்பதை வைத்தே எந்தக் கிளையில் தண்ணீர் என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம்.

நூறு தகடு அடுக்கிய பரிமாற்றியிலும் இது நடக்கும். நுழைவாய்க்குப் பக்கத்தில் இருக்கிற சந்துகளுக்கு அதிகத் திரவம், கடைசிச் சந்துகளுக்குக் குறைவு. ஒரு தகட்டுக்குள்ளேயே கூட, மூலை ஓட்டையிலிருந்து வருகிற திரவம் அகலம் முழுக்கப் பரவாமல் ஒரு பக்கமாக ஓடிவிடலாம். அந்த மூலையைப் பரவலுக்கென்றே தனியாக வடிவமைக்கிறார்கள். சாக்லேட் கட்டி மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும் பகுதி அதுதான். திரவம் குறைவாகப் போகிற இடத்தில் வேகம் குறைவு. வேகம் குறைந்த இடத்தில் முதலில் படியும். படிந்தால் வழி குறுகும், வேகம் இன்னும் குறையும்.

சி.எஃப்.டி.யில் எல்லாரும் பொதுவாக ரெண்டு தகட்டுக்கு நடுவில் ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்து ஆன்சிஸில் ஓட்டுவோம். லேப் கம்ப்யூட்டருக்கு அதற்கு மேல் தெம்பு கிடையாது. அந்தத் துண்டு நன்றாக இருக்கிறது என்பதால் நூறு தகடும் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. இதை உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரியாவது எழுதிவிடுங்கள்.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

தென்காசிப் பக்கத்தில் ஒரு பால் பண்ணையில் எங்களை நான்கு நாள் அனுமதித்தார்கள். பாஸ்சரைசரைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சியிடம், 60 டிகிரி மடிப்புத் தகட்டின் கலர் கலரான படத்தை லேப்டாப்பில் காட்டினோம். பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. இத எத்தன நாளைக்கு ஒருக்க தொறக்கணும்?"

நாங்கள் படித்திருந்த பேப்பர்களில் அந்தக் கேள்விக்கு ஒரு அட்டவணைகூட இல்லை.

மறுநாள் பண்ணையில் தகடுகளைப் பிரிக்கிற வேலை இருந்தது. சூடாக்கும் பகுதித் தகடுகளில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு பூச்சு. பால் காய்ச்சின பாத்திரத்தில் அடிப்பிடிக்கிறதே, அதுவேதான். 70 டிகிரியைத் தாண்டும்போது பாலில் உள்ள ஒரு மோர்ப் புரதம் உருக்குலைந்து பரப்பில் ஒட்டத் தொடங்குகிறது. கூடவே கால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்துகொள்ளும். சோடாக் காரத்தையும் அப்புறம் நைட்ரிக் அமிலத்தையும் சூடாகச் சுற்றவிட்டுத்தான் தினமும் அதைக் கரைக்கிறார்கள். ஓட்டம் சரியாகப் போகாத மூலைகளில் அதையும் மீறிக் கொஞ்சம் தங்கிவிடுகிறது.

அந்தப் பூச்சு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தகட்டின் இரு பக்கமும் வெப்பக் கடத்தல் எண் 8000 என்று வைத்துக்கொள்வோம் (சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, வாட் கணக்கில்). நடுவில் அரை மில்லிமீட்டர் எஃகு. எல்லாத் தடையையும் கூட்டித் தலைகீழாக்கினால் யு மதிப்பு சுமார் 3550. இப்போது ஒரு பக்கத்தில் 0.1 மில்லிமீட்டர் பால் படிவு. ஒரு பேப்பர் கனம். அதன் வெப்பம் கடத்தும் திறன் 0.4 என்று எடுத்தால் யு மதிப்பு 1880க்கு இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ பாதி!

இன்னும் ஒரு படி போங்கள். மடிப்பை மாற்றி, மண்டையை உடைத்து, கடத்தல் எண்ணை இரு பக்கமும் 20 சதவீதம் ஏற்றிவிட்டீர்கள். சுத்தமான தகட்டில் யு மதிப்பு 17 சதவீதம் கூடுகிறது. நல்ல மார்க் வரும். அதே பேப்பர் கனப் படிவோடு கணக்குப் போட்டால் கூடுவது 9 சதவீதம்கூட இல்லை. ஆறு மாத உழைப்பில் பாதியை ஒரு பூச்சு தின்றுவிட்டது. குற்றாலத்தில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அருவி போர்வையைப் பிய்க்கும், ஆனால் எண்ணெயை லேசில் விடுவிக்காது. தண்ணீரைவிட எண்ணெய் வெப்பத்தை நாலில் ஒரு பங்குதான் கடத்தும். படிவு என்பது தகடு தேய்த்துக்கொண்ட எண்ணெய்.

அப்படியானால் திறமையான வடிவமைப்பு என்றால் என்ன? முதலாவது, அடிப்பிடிக்காமல் காய்ச்சுவது. வீட்டில் அம்மா தீயைக் குறைத்து வைப்பது மாதிரி, வெந்நீரின் சூட்டைப் பாலின் சூட்டுக்கு ரெண்டு மூன்று டிகிரி மேலே மட்டும் வைப்பது. அதற்குப் பரப்பு கொஞ்சம் அதிகம் வேண்டும். பரப்பைக் குறைப்பதுதான் திறமை என்று நினைத்தால் வெந்நீரை 90 டிகிரியில் விட வேண்டியிருக்கும், பால் பிடித்துக்கொள்ளும். ரெண்டாவது, எந்த மூலையிலும் திரவம் தேங்காமல் இருப்பது. மூன்றாவது, பரப்பை ஒட்டிய உராய்வு படிவைத் தேய்த்துக்கொண்டே போகும் அளவுக்கு இருப்பது. இங்கே 60 டிகிரித் தகட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. அது வாங்குகிற அழுத்தத்துக்குப் பதிலாக வெப்பத்தோடு சுத்தத்தையும் தருகிறது. ஆனால் பாலுக்குப் பொருந்துவது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. புளியங்குடி எலுமிச்சைச் சாற்றைச் சக்கையோடு இந்தச் சந்துக்குள் விட்டால் தகடு தொட்டுக்கொள்கிற ஒவ்வொரு இடத்திலும் நார் சிக்கிக்கொள்ளும். அதற்கு அகலச் சந்துத் தகடு வேண்டும். யு மதிப்பு குறைந்தாலும் பரவாயில்லை.

நான்காவது விஷயம் பிரித்து மாட்டுவது. அண்ணாச்சி தகடுகளை மறுபடி அடுக்கி முடித்ததும் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். விளிம்பு வரிசையாகத் தேன்கூடு மாதிரி தெரிந்தால் சரி. ஒரு தகடு தலைகீழாக மாட்டியிருந்தால் அந்த வரிசை கெட்டுப்போகும். அடுக்கின் பக்கவாட்டில் மூலைக்கு மூலை ஒரு பெயின்ட் கோடும் போட்டிருந்தார்கள். தகடு இடம் மாறினால் கோடு உடைந்து தெரியும். பிறகு டேப்பை வைத்து முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை மேலேயும் கீழேயும் அளந்து அளந்து போல்ட்டை முறுக்கினார். "கொறஞ்சா ஒழுகும், கூடுனா தகடு நசுங்கிரும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும் பாத்துக்க." முறுக்கு விசையைவிட அந்த அளவுதான் முக்கியம் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளும் சொல்கின்றன.

ஒழுகினால் என்ன ஆகும் என்றும் காட்டினார். ஓட்டையைச் சுற்றி கேஸ்கெட் ரெண்டு வரிசையாக இருக்கும், நடுவில் வெளியே திறக்கிற ஒரு சின்ன வழி. கேஸ்கெட் போனால் பால் தரையில்தான் சொட்டும், இன்னொரு திரவத்தோடு கலக்காது. தகட்டிலேயே ஊசி முனை ஓட்டை விழுந்தால்? அதற்காகத்தான் பதப்படுத்திய பாலின் பக்கம் எப்போதும் பச்சைப் பாலைவிட அழுத்தம் அதிகமாக இருக்குமாறு வைக்கிறார்கள். கசிந்தாலும் சுத்தமான பால் பச்சைப் பாலுக்குள் போகும், திருப்பி நடக்காது. அழுத்த இழப்பைக் கண்டபடி ஏற்றுகிற ஒரு வடிவம், குழந்தைக்குப் போகிற பாலின் இந்தப் பாதுகாப்பையும் தொட்டுவிடலாம். மடிப்பின் சாய்வை மாற்றும்போது இதையும் யோசிக்க வேண்டும்.

தகடு மட்டும் போதாது

நம் பக்கத்துக் கடலில் இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. தென்காசியிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் தூத்துக்குடி. 2000களின் தொடக்கத்தில் அந்தக் கடலில், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் சாகர் சக்தி என்கிற மிதவையில் 1 மெகாவாட் மின்நிலையம் ஒன்றை முயன்றது. மேல்மட்டக் கடல் நீர் சுமார் 29 டிகிரி. ஒரு கிலோமீட்டர் ஆழத்து நீர் சுமார் 7 டிகிரி. இந்த 22 டிகிரி வித்தியாசத்தில் அம்மோனியாவைக் கொதிக்க வைத்து டர்பைனைச் சுற்றி, மறுபடி குளிரவைப்பது திட்டம். கார்னோ கணக்குப்படியே உச்சத் திறன் 7 சதவீதம்தான். அதில் வெப்பப் பரிமாற்றியில் இழக்கிற ஒவ்வொரு டிகிரியும் பெரிய இழப்பு. கடல் உப்புக்குத் தாங்குகிற டைட்டானியத் தகடுகளைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த முயற்சி நின்றுபோனது தகட்டால் அல்ல. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை ஏற்ற வேண்டிய ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயைக் கடலில் இறக்கி நிறுத்த முடியவில்லை. உலகத்தரத் தகடுகள் மிதவையில் இருந்தன. அவற்றுக்குக் குளிர்ந்த தண்ணீர் வந்து சேரவில்லை. பரிமாற்றிக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பரிமாற்றியை மட்டும் வடிவமைக்க முடியாது என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்ன பாடம் வேறில்லை.

உங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட்

கடைசியாக, எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால் ஒரு தலைப்பு. சொசைட்டியில் சேர்கிற பால் 35 டிகிரி என்று வையுங்கள். அதை நேராக ஃபிரிட்ஜ் தண்ணீரால் 4 டிகிரிக்கு இறக்க, 1000 லிட்டருக்கு 35 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சின்னத் தகட்டு அடுக்கில் சாதாரணக் கிணற்றுத் தண்ணீரை ஓட விட்டால்? தண்ணீர் 27 டிகிரி இருந்து, பாலை அதற்கு ரெண்டு டிகிரி மேலே வரை கொண்டுவர முடிந்தால், பால் 29 டிகிரியாகத்தான் ஃபிரிட்ஜுக்குப் போகும். 31 டிகிரியில் 6 டிகிரி மிச்சம். கம்ப்ரஸர் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பால் சீக்கிரமும் குளிரும். வெளியே வருகிற தண்ணீரை மாட்டுக்கு வைக்கலாம், தொட்டியில் சேர்த்துக் கழுவவும் வைத்துக்கொள்ளலாம். பெரிய பண்ணைகளில் இது பழைய பழக்கம். நாளுக்கு சில நூறு லிட்டர் சேர்கிற கிராமத்து இடத்துக்கு ஏற்ற, ஒரு ஆள் கையால் பிரித்து மாட்டுகிற, பத்துப் பதினைந்து தகட்டுக் கருவியாக இதை வடிவமைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

எடுப்பவர்கள் சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் ஐந்து விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்ன திரவம், அது எதில் ஒட்டும்? அந்த ஊர்ப் போர்த் தண்ணீர் எவ்வளவு உப்பு? பம்ப் எவ்வளவு அழுத்தம் கொடுக்கும்? யார் கழுவப்போகிறார்கள், அவர்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? கேஸ்கெட் போனால் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும்? இவற்றுக்குப் பதில் கையில் இருந்தால், மடிப்பு 30 டிகிரியா 60 டிகிரியா என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

எங்கள் ரிப்போர்ட் டிபார்ட்மென்ட் லைப்ரரியில் இருக்கிறது. கணக்குப் போட்ட ஷீட்டும், பண்ணையில் நான்கு நாள் எடுத்த வெப்பநிலை, அழுத்த அளவுகளும் எங்களிடம் இருக்கின்றன. கேட்டால் தருகிறோம். ஜூனில் சாரல் தொடங்குவதற்குள் ஆரம்பித்தால், சீசனில் கிணற்றுத் தண்ணீர் எத்தனை டிகிரி இறங்குகிறது என்பதையும் சேர்த்து அளந்துவிடலாம்.